கம்பெனியை ஓப்பன் சோர்ஸுக்குப் பணம் கொடுக்க வைப்பது எப்படி?

உங்கள் அலுவலகத்தில் லினக்ஸ் ஓடுகிறது, போஸ்ட்கிரெஸ் ஓடுகிறது, என்ஜின்எக்ஸ் ஓடுகிறது. எல்லாம் ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் திறந்து வைத்திருக்கும் மென்பொருள். இவற்றை எழுதியவர்களுக்குக் கம்பெனி இதுவரை ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. அது உங்களுக்கு உறுத்துகிறது. மேனேஜரிடம் சொன்னால் "நல்ல ஐடியா, கண்டிப்பா பண்ணலாம்" என்கிறார். அதற்கப்புறம் ஒன்றும் நடப்பதில்லை.

சென்னையில் நடுத்தர அளவு கம்பெனி ஒன்றில் இதை முட்டி மோதி நடத்தி முடித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: கொடுக்க மனமில்லாமல் நிற்பது குறைவு, அக்கவுன்ட்ஸ் மேஜையில் நிற்பதுதான் அதிகம். எந்தத் தலைப்பில் எழுதுவது, வரி பிடிக்க வேண்டுமா, பில் எங்கே என்ற மூன்று கேள்விகளுக்கும் பதிலோடு போனால் பாதி வேலை முடிந்தது.

இந்தியாவில் பதிவான பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் வேலை பார்க்கும் டெவலப்பர், டீம் லீட் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு முதல் மூன்று படிகளும் கடைசிப் படியும் போதும். வரி விஷயத்தில் உங்கள் ஆடிட்டர் சொல்வதே கடைசி வார்த்தை. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

1. பட்டியல் போடுங்கள், ஆனால் எல்லாவற்றையும் போடாதீர்கள்

சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட் ஒன்றிலேயே ஆயிரம் பேக்கேஜ் (பிறர் எழுதிய மென்பொருள் துண்டு) இருக்கும். அத்தனையையும் எக்செல்லில் இறக்கி மேனேஜருக்கு அனுப்பினால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

புராஜெக்ட் ஃபோல்டரில் 'என்பிஎம் ஃபண்ட்' என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் பயன்படுத்துபவற்றில் யார் யார் நிதி கேட்கிறார்கள், எங்கே கொடுக்கலாம் என்று வரிசையாகக் காட்டும். பிஎச்பிக்காரர்களுக்கு கம்போசரிலும் இதே கட்டளை உண்டு. மற்ற மொழிகளுக்கு சிஃப்ட் மாதிரி ஒரு கருவியை வைத்து எஸ்பாம் எடுக்கலாம், அதாவது மென்பொருளுக்குள் என்னென்ன இருக்கிறது என்ற சரக்குப் பட்டியல். கிட்ஹப் தளத்தில் இருக்கும் ரெப்போ (நிரல் வைத்திருக்கும் இடம்) என்றால் அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

அதற்கும் முன்னால் உங்கள் செக்யூரிட்டி டீமை ஒரு வார்த்தை கேளுங்கள். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 ஆகஸ்டில் கொண்டுவந்த சைபர் பாதுகாப்பு விதிமுறை எஸ்பாம் கேட்கிறது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னும் அதே ஆண்டு அக்டோபரில் இதற்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பங்குச்சந்தை, வங்கி சம்பந்தப்பட்ட வாடிக்கையாளர்கள் உங்களுக்கு இருந்தால் பட்டியல் ஏற்கனவே யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் தயாராக இருக்க வாய்ப்பு அதிகம்.

பட்டியல் வந்ததும் அதிலிருந்து ஐந்தே ஐந்து எடுங்கள். ரியாக்ட், குபர்நெட்டிஸ் எல்லாம் வேண்டாம். அவற்றின் பின்னால் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன, உங்கள் ஐந்நூறு டாலர் அங்கே கண்ணுக்கே தெரியாது. நின்றுபோனால் உங்கள் பில்லிங் நிற்கும், ஆனால் ஒருவரோ இருவரோ மட்டும் பராமரிக்கிறார்கள் என்ற வகைதான் உங்களுக்கு வேண்டும். பிடிஎஃப் உருவாக்கும் லைப்ரரி, தேதி கணக்கிடும் லைப்ரரி, டேட்டாபேஸ் டிரைவர் மாதிரி சமாச்சாரங்கள்.

ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: உங்கள் எந்தத் தயாரிப்பில் பயன்படுகிறது, நின்றால் என்ன ஆகும், யார் பராமரிக்கிறார், பணத்தை எந்த வழியில் வாங்கிக்கொள்கிறார். கடைசி விவரம் ரெப்போவில் இருக்கும் ஃபண்டிங் ஃபைலிலோ ஸ்பான்சர் பட்டனிலோ கிடைக்கும். எதுவுமே இல்லையென்றால் அவர் பணம் வாங்குவதில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அடுத்த படியில் சொல்லும் வழிதான்.

2. பணத்துக்கு முன்னால் பேட்ச்

உங்கள் டீமில் யாராவது ஒரு லைப்ரரியை ஃபோர்க் செய்து (தனி நகல் எடுத்து), உள்ளே நாலு வரி மாற்றி வைத்திருப்பார்கள். புது வெர்ஷன் வரும்போதெல்லாம் அந்த நாலு வரியைத் திரும்ப ஒட்டவைக்க ஒருவர் உட்கார வேண்டும். அந்தத் திருத்தத்தை, அதாவது பேட்சை, மூல புராஜெக்டுக்கே அனுப்பிச் சேர்த்துவிட்டால் அந்த வேலை மிச்சம். பட்ஜெட் தேவையில்லை, கம்பெனிக்கும் நேரடி லாபம். ஆகவே முதல் வெற்றியை இங்கே எடுப்பதுதான் சுலபம்.

ஆனால் நீங்கள் எழுதிய அந்த நிரல் உங்களுடையது இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் உரிமையாளர். எழுத்தில் அனுமதி இல்லாமல் அனுப்பாதீர்கள். "வாயால சொன்னாரு" என்பது சொன்ன மேனேஜர் வேலையை விட்டுப் போகும் நாள் வரைக்கும்தான் செல்லும்.

சர்வீஸ் கம்பெனிக்காரர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். கிளையன்ட் வேலையின்போது எழுதிய நிரலின் உரிமை பெரும்பாலும் ஒப்பந்தப்படி கிளையன்டுக்குப் போய்விடும். உங்கள் எம்டி சரி சொன்னாலும் போதாது. கிளையன்டிடம் மெயிலில் சம்மதம் வாங்க வேண்டும், அல்லது கிளையன்ட் நேரத்தைத் தொடாமல் உள் புராஜெக்டில் புதிதாக எழுத வேண்டும்.

அனுமதி மெயில் நீளமாக வேண்டாம். லீகலுக்கு அனுப்பும்போது இவ்வளவு இருந்தால் போதும்:

"இன்ன லைப்ரரியில் இன்ன பிழையைத் திருத்தியிருக்கிறோம். இதில் வாடிக்கையாளர் தகவலோ நம் வியாபார ரகசியமோ இல்லை. அதே லைசென்ஸில் மூல புராஜெக்டுக்குத் திருப்பித் தர அனுமதி வேண்டும். இனி இதே வகைச் சிறு திருத்தங்களுக்கு டீம் லீட் ஒப்புதல் போதும் என்றும் உறுதிசெய்து தாருங்கள்."

இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கும் லீகல் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

அப்புறம், அந்த புராஜெக்ட் உங்களிடம் என்ன கையெழுத்து கேட்கிறது என்று பாருங்கள். லினக்ஸ் கெர்னல் போன்றவை டிசிஓ முறையில் (அனுப்புபவரே தரும் உறுதிமொழி) போகின்றன. கமிட்டின் (பதிவுசெய்யும் மாற்றத்தின்) அடியில் உங்கள் பெயரோடு ஒரு சைன்-ஆஃப் வரி இருந்தால் போதும், தனித் தாள் கிடையாது. அப்பாச்சி போன்ற அமைப்புகள் சிஎல்ஏ, அதாவது பங்களிப்பு உரிம ஒப்பந்தம், கேட்கும். அதில் தனிநபருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று என இரண்டு உண்டு. கம்பெனி சிஎல்ஏவில் கையெழுத்துப் போட அதிகாரம் பெற்றவர்தான் போட வேண்டும், டீம் லீட் போட்டால் செல்லாது. லீகல் பொறுமையாகப் படிக்க நேரம் எடுக்கும் தாள் இது, முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

அனுப்பும் முன் ஒருமுறை கண்ணால் பாருங்கள். டெஸ்ட் டேட்டாவில் உண்மையான வாடிக்கையாளரின் போன் நம்பர், லாகில் உள் சர்வர் பெயர் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். கமிட் வரலாற்றில் போனதை அப்புறம் அழிப்பது பெரும்பாடு. பாதுகாப்பு ஓட்டை எதையாவது கண்டுபிடித்திருந்தால் அதைப் பொதுவில் எழுதாமல் அந்த புராஜெக்டின் தனி முகவரிக்கு அனுப்புங்கள். பெரிய மாற்றமென்றால் முதலில் "இப்படிச் செய்யலாமா" என்று ஒரு வரி கேளுங்கள். கேட்காமல் மூவாயிரம் வரி கொண்டுபோய்க் கொட்டினால், அது பராமரிப்பவருக்கு நீங்கள் தரும் உதவி இல்லை, தலைவலி.

3. பணம் கேட்கும் பேச்சு

நியாயம், தர்மம் என்று ஆரம்பிக்காதீர்கள். தலை ஆட்டுவார்கள், அவ்வளவுதான். ரிஸ்க், செலவு இரண்டையும் பேசுங்கள்.

ரிஸ்குக்கு எக்ஸ்இசட் கதை ஒன்று போதும். லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் தொகுப்புகள்) பலவற்றில் இருக்கும், ஃபைல்களைச் சுருக்கும் அந்த மென்பொருளைப் பெரும்பாலும் ஒரே ஒருவர் ஓய்ந்துபோன நிலையில் பார்த்துக்கொண்டிருந்தார். உதவுகிறேன் என்று வந்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் பின்கதவு வைத்தது 2024 மார்ச்சில் வெளிவந்தது. உங்கள் ஐந்து லைப்ரரிகளில் இப்படி ஒற்றை ஆள் பார்ப்பது எத்தனை என்று அதற்கு அடுத்த வரியில் எழுதுங்கள்.

செலவுக்கு, ஃபோர்க்கைப் பராமரிக்க டீம் போன வருடம் எத்தனை மணிநேரம் போட்டது என்று டைம்ஷீட்டில் இருந்து எடுத்துக் கொடுங்கள். டேட்டாபேஸ் விஷயமென்றால், அதே வேலைக்கு வணிக லைசென்ஸ் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஒரு கொட்டேஷன் நிறையப் பேசும்.

"வேற யாரு கொடுக்கறாங்க?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனம் ஜெரோதா 2024 அக்டோபரில் ஃபிளாஸ் ஃபண்ட் என்ற பெயரில், உலகெங்கும் உள்ள ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டுகளுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. அதே மாதம் சென்ட்ரி என்ற மென்பொருள் கம்பெனி முன்னின்று தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் பிளெட்ஜ் என்ற உறுதிமொழித் திட்டம், முழுநேர டெவலப்பர் ஒருவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2,000 டாலர் என்று கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை அப்படியே நம் ஊர் கம்பெனியில் நீட்டினால் மீட்டிங் அங்கேயே முடிந்துவிடும். 50 டெவலப்பர் என்றால் ஒரு லட்சம் டாலர்! என் கருத்து: முதல் வருடம் மொத்தமாக ஒன்று அல்லது இரண்டு லட்சம் ரூபாய் கேளுங்கள். மறுக்கிற அளவுக்குப் பெரிதும் இல்லை, இவ்வளவு தாள் வேலைக்குத் தகாத அளவு சிறிதும் இல்லை.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். அடுத்த நிதியாண்டுக்கான பட்ஜெட் பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் எழுதப்படுகிறது. அப்போது 'மென்பொருள் சந்தா மற்றும் பராமரிப்பு' தலைப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். புதுத் தலைப்பு திறக்கச் சொல்லாதீர்கள், அதற்கு இன்னும் நாலு பேர் கையெழுத்து வேண்டும். மார்ச்சில் பட்ஜெட் மிச்சம் இருப்பதும் நடக்கும். ஆனால் மார்ச் கடைசியில் அக்கவுன்ட்ஸ் யாருக்கும் காது கொடுக்காது. வென்டர் பதிவை (பணம் வாங்குபவரைக் கம்பெனிக் கணக்கில் சேர்ப்பதை) ஜனவரியிலேயே முடித்து வைத்திருந்தால் மட்டும் அந்த மிச்சம் உங்களுக்குக் கிடைக்கும்.

4. சிஎஸ்ஆர் பக்கம் போகாதீர்கள்

யாராவது ஒருவர் "சிஎஸ்ஆர் ஃபண்ட்ல இருந்து கொடுத்துடலாமே" என்பார். கம்பெனி லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டக் கடமைதான் சிஎஸ்ஆர். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஒத்துவராது. சிஎஸ்ஆர் பணம் இந்தியாவுக்குள் செய்யும் பணிக்குத்தான் செல்லும். கம்பெனியின் வழக்கமான தொழிலுக்காகச் செய்வது கணக்கில் வராது. வாங்கும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 பதிவு வைத்திருக்க வேண்டும். ஜெர்மனியில் இருக்கும் ஒரு லைப்ரரி எழுத்தாளருக்கு இந்த வழியில் ஒரு பைசா போகாது. மேலும் நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொடாத கம்பெனிக்கு சிஎஸ்ஆர் கடமையே கிடையாது.

5. எந்த வழியில் அனுப்புவது

இங்கேதான் பலரும் மாட்டுவது, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

முதலில், வெளிநாட்டுக்கு 'நன்கொடை' என்று அனுப்பும் எண்ணத்தை விடுங்கள். ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிகளின்படி கம்பெனிகள் வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்ப நோக்கமும் உச்சவரம்பும் வகுக்கப்பட்டிருக்கின்றன. கடந்த மூன்று நிதியாண்டுகளின் அந்நியச் செலாவணி வருவாயில் 1 சதவீதம் அல்லது 50 லட்சம் டாலர், இரண்டில் எது குறைவோ அதுவரைதான். அதற்கு மேல் போனால் ரிசர்வ் வங்கி அனுமதி. ஏற்றுமதியே இல்லாத கம்பெனிக்கு அந்த 1 சதவீதம் என்பது பூஜ்யம்! ஆகவே உண்மையாகவே ஏதாவது ஒரு சேவையை வாங்குங்கள்: ஸ்பான்சர்ஷிப் திட்டம், சப்போர்ட் ஒப்பந்தம், ஒரு வசதியை எழுதித் தரும் வேலை. பைதான், ஜாங்கோ ஃபவுண்டேஷன்களுக்குக் கம்பெனிகளுக்கென்றே ஸ்பான்சர்ஷிப் உண்டு. வாங்காத சப்போர்ட்டுக்குப் பொய்யாக பில் மட்டும் கேட்காதீர்கள். வங்கியிடம் சொல்லும் பர்ப்பஸ் கோடும் (எதற்கான பணம் என்ற குறியீடு) பில்லில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

சுலபத்தில் இருந்து கஷ்டத்துக்கு வரிசைப்படுத்தினால் வழிகள் இப்படி:

உள்நாட்டில் ரூபாயில் கொடுப்பது. ஃபாஸ் யுனைடெட் மாதிரி இந்திய அமைப்புகளுக்கும், தமிழ்க் கட்டற்ற மென்பொருள் வேலைகளுக்கு கணியம் அறக்கட்டளைக்கும் இந்த வழி பொருந்தும். அந்நியச் செலாவணித் தொல்லை எதுவும் இல்லை. ஒரு எச்சரிக்கை: 80ஜி ரசீது (நன்கொடைக்கு வரிக் கழிவு கேட்க உதவும் ரசீது) கிடைத்தால் வரி குறையும் என்று மேலிடத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். 22 சதவீதக் குறைந்த வரிவிகிதத்தைத் தேர்ந்த கம்பெனிகளுக்கு அந்தக் கழிவு கிடையாது. உங்கள் கம்பெனி எந்த வரிவிகிதத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது, நடுவில் ஒரு அமைப்பை வைத்துக் கொடுப்பது. நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் என்ற அமெரிக்க அமைப்பு ஆயிரக்கணக்கான புராஜெக்டுகளுக்காகப் பணத்தை வாங்கி வைத்துப் பிரித்துத் தருகிறது. 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும். கிட்ஹப் ஸ்பான்சர்ஸில் கம்பெனிக் கணக்கில் இருந்து கொடுத்தால் 6 சதவீதம் வரை போகும். அதில் 3 சதவீதம் கார்டு செலவு, இன்வாய்ஸ் முறைக்கு மாறினால் அது மிச்சம். சதவீதத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். ஐந்து நாட்டில் ஐந்து பேரை வென்டராகப் பதிவு செய்வதற்குப் பதில் ஒரே வென்டர், ஒரே இன்வாய்ஸ். அக்கவுன்ட்ஸ் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

மூன்றாவது கார்டு. சிறு தொகைக்குச் சரி. ஆனால் மாதச் சந்தாவாகப் போடாதீர்கள். 2021 அக்டோபரில் இருந்து தானாகக் கழியும் தொடர் கட்டணங்களுக்கான ரிசர்வ் வங்கியின் இ-மேன்டேட் விதி நடைமுறையில் இருக்கிறது. 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும், அதற்குக் கீழேயும் வெளிநாட்டு வணிகரிடம் மேன்டேட் பதிவாகாமல் கார்டு நிராகரிக்கப்படுவது சகஜம். ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டுங்கள். "கார்டுல தேய்ச்சா டிடிஎஸ் கிடையாது" என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது (டிடிஎஸ் என்றால் பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி). வரிப் பொறுப்பு எந்த வழியில் பணம் போனாலும் ஒன்றுதான்.

கடைசியில் நேரடி வங்கிப் பரிமாற்றம். பெரிய தொகைக்கு மட்டும்.

6. தாள்கள்

வெளிநாட்டு வென்டர் பதிவுக்கு அக்கவுன்ட்ஸ் பொதுவாகக் கேட்பவை:

- உங்கள் கம்பெனியின் பெயர், முகவரி, ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்) சரியாக அச்சான இன்வாய்ஸ். கார்டு ஸ்டேட்மென்ட் இன்வாய்ஸ் ஆகாது.
- எதற்கான பணம் என்று சொல்லும் ஒப்பந்தம் அல்லது ஸ்பான்சர்ஷிப் திட்டத்தின் பக்கம்.
- அந்த நாட்டு வரித்துறை தரும் வரி வதிவிடச் சான்றிதழ். அமெரிக்காவில் இதை 6166 என்ற எண்ணில் வரித்துறையான ஐஆர்எஸ் தருகிறது.
- படிவம் 10எஃப். நம் வருமான வரித் தளத்தில் அவர்களே ஆன்லைனில் தாக்கல் செய்ய வேண்டியது.
- இந்தியாவில் நிரந்தர அலுவலகம் இல்லை என்ற உறுதிமொழி, அவர்களின் லெட்டர்ஹெட்டில்.

கடைசி மூன்றும் எதற்கென்றால், வரி பிடிக்காமலோ இரு நாட்டு வரி ஒப்பந்த விகிதத்தில் பிடித்தோ பணம் அனுப்புவதற்கு. இவற்றைத் தனிநபர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்! முந்நூறு டாலருக்காக ஒரு வெளிநாட்டுத் தளத்தில் கணக்குத் திறந்து, படிவம் நிரப்பி, தன் ஊர் வரி அலுவலகத்தில் விண்ணப்பித்து... "ரொம்ப நன்றி, பணம் வேண்டாம்" என்று மரியாதையாகப் பதில் வரும். அவர் மீது குற்றமில்லை. நடு அமைப்பு வழியைப் பரிந்துரைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

உங்கள் பக்கம் நடக்க வேண்டியது: பணம் போகும் முன் 15சிஏ (வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் பற்றி வரித்துறைக்குத் தரும் படிவம்) தாக்கல். அந்த நிதியாண்டில் வரிக்கு உட்பட்ட தொகை 5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக ஆடிட்டரின் 15சிபி சான்றும். தாண்டாவிட்டாலும் சில வங்கிக் கிளைகள் 15சிபி கேட்டு அடம்பிடிக்கும். விதி 37பிபி என்று எடுத்துச் சொல்லிப் பாருங்கள், இறங்காவிட்டால் வாங்கிக் கொடுத்துவிடுவது நேரத்துக்கு நல்லது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், 80ஜி, 10எஃப், 15சிஏ, 15சிபி, 37பிபி என்ற இந்தப் பழைய எண்கள் இப்போது என்ன எண்ணில் இருக்கின்றன என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. மறைந்திருக்கும் செலவு

ஸ்பான்சர்ஷிப்புக்குக் கைமாறாக உங்கள் லோகோவை அவர்கள் தளத்தில் போட்டால் அது சேவை இறக்குமதி. ரிவர்ஸ் சார்ஜில் (விற்பவருக்குப் பதில் வாங்குபவர் கட்டும் முறை) 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்களே கட்ட வேண்டும். வரி விதிக்கப்படும் தொழில் செய்பவர்கள் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், மருத்துவமனை, பள்ளி போன்றவர்களுக்கு அது நேரடிச் செலவு.

டிடிஎஸ் யார் தலையில் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். 1,000 டாலர் என்று அறிவித்துவிட்டு வரி பிடித்து மிச்சத்தை அனுப்பினால், அங்கே குறைவாக வந்ததாகத்தான் தெரியும். வரியைக் கம்பெனியே ஏற்பதென்றால் தொகை அதற்கேற்ப ஏறும், அதை பட்ஜெட்டிலேயே சேருங்கள்.

வங்கிப் பரிமாற்றத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் 'OUR' (அனுப்புபவரே ஏற்பது) என்பதைத் தேர்ந்தால் எல்லாம் உங்கள் கணக்கில் கழியும். இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கார்டில் மாற்று விகிதத்துக்கு மேல் 3.5 சதவீதம் வரை மார்க்-அப் போகலாம். இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் நூறு டாலரை வங்கி வழியே அனுப்புவது சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

முதல் தடவை எல்லாம் முடிய ஒரு காலாண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி வென்டர் பதிவு. இரண்டாவது வருடம் அதே வென்டருக்கு ஒரு இன்வாய்ஸ் மட்டும்தான், வேலை சட்டென்று முடியும்.

8. பணம் போன பிறகு

பணம் சேர்ந்ததா என்று அந்தப் பக்கம் கேட்டு, ரசீதை பில்லோடு சேர்த்து வையுங்கள். தணிக்கையின்போது யாராவது "இது என்ன செலவு?" என்று கேட்பார், அப்போது நீங்கள் லீவில் இருப்பீர்கள்.

பணம் கொடுத்தோம் என்பதற்காக உங்கள் பிழையை முதலில் திருத்தச் சொல்லி அதட்டாதீர்கள். சப்போர்ட் ஒப்பந்தம் வாங்கியிருந்தால் அதில் எழுதியிருப்பதைக் கேளுங்கள், ஸ்பான்சர்ஷிப் என்றால் அதுவும் கிடையாது. இதை உங்கள் சேல்ஸ் டீமுக்கும் சொல்லி வையுங்கள், "நாங்க அவங்களோட பார்ட்னர்" என்று கிளையன்டிடம் அளக்கக் கூடும்.

கிட்ஹப், ஓப்பன் கலெக்டிவ் கணக்குகளை உங்கள் பெயர் மெயிலில் திறக்காமல், டீமுக்கான பொது மெயிலில் திறங்கள். நீங்கள் வேறு வேலைக்குப் போனதும் நின்றுபோகும் ஸ்பான்சர்ஷிப்புகள் ஏராளம். காலண்டரில் டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நினைவூட்டல் போட்டு, அதில் வென்டர் எண், போன வருட இன்வாய்ஸ், ஆடிட்டர் மெயில், ஐந்து லைப்ரரிகளின் பட்டியல் நான்கையும் இணைத்து, இன்னும் ஒருவரையும் சேர்த்துவிடுங்கள்.